ஆணி யாருடையது

கீழக்கரை, முதல் மாடி,
ஜன்னலைத் திறந்தால் உப்புக் காற்று.
வீட்டுக்காரர் செய்யது அபூபக்கர் கொழும்பில்.
என் வீட்டுக்காரர் மண்டபத்து ஐஸ் கம்பெனியில்,
ராத்திரி ஷிப்டு.
ஆக, இரண்டு வீட்டுக்காரர்களும்
வீட்டில் இல்லாத ஒரு பகலில்தான்
டெல்பின் பாலிசி விற்க வந்தாள்.

"கட்டடத்துக்கு அவரே போட்டிருக்காரே,
வாடகைக்கு இருக்கிற எனக்கு எதுக்கு?"

எழுந்து போய்ச் சுவரைத் தட்டினாள்:
"இது அவர் பாலிசி."
கடிகாரத்தைத் தொட்டாள்:
"இது?"
நாங்கள் மதுரையில் வாங்கியது.
"அப்போ இது யார் பாலிசியிலயும் இல்ல."
நடுவில் இருக்கிற ஆணி?
கொஞ்சம் யோசித்தாள்.
"ஆணி அடிச்சதே அவருக்குத் தெரியாதுல்ல?
விடுங்க."

வருஷத்துக்கு ஒன்றரைக் கிலோ சீலா மீன் விலை.
ஒரு விருந்தாளியைச் சாம்பாரில் சமாளித்தால் போதும்.

பிறகு பட்டியல்.
பதினோரு வருஷக் குடித்தனத்தை
ஒரே தாளில் எழுதச் சொன்னாள்.
பிரிட்ஜ், தவணை முடிந்தது.
கிரைண்டர், முடியவில்லை.
பீரோ, அம்மா வீட்டுச் சீர், பில் கிடையாது.
"போட்டோ எடுத்து வைங்க" என்றாள்.
பீரோவை நிற்கவைத்துப் படம் எடுத்தேன்,
ஆதார் அட்டைக்கு எடுப்பதுபோல.
கீழே நிற்கும் பைக்?
அதற்குத் தனிப் பாலிசி.
என் இரண்டரைப் பவுன் சங்கிலி?
எங்கே இருக்கிறது என்று கேட்டாள்.
ராமநாதபுரத்தில், அடகுக் கடையில்.
"அது அவங்க பொறுப்பு" என்று
கோடு போட்டு அடித்தாள்.
அன்றைக்குத்தான் முதன்முறையாக
அந்தச் சங்கிலி பத்திரமாக இருப்பதாகத் தோன்றியது.

பொடி எழுத்தில் ஒரு வார்த்தை திரும்பத் திரும்ப வந்தது:
திடீரென.
திடீரெனத் தீப்பிடித்தால்.
திடீரெனக் குழாய் வெடித்தால்.
துரு, தேய்மானம், கறையான், பூஞ்சை
எல்லாம் இன்னொரு பக்கத்தில்,
வரிசையில் இடம் கிடைக்காதவர்கள் மாதிரி.

கார்த்திகையில் மேல்மாடிக் குழாய் வெடித்தது.
மழை இல்லை, புயல் இல்லை,
விடிகாலை இரண்டே முக்கால்.
கூரை வழியாக எங்கள் அறைக்குள்
நல்ல தண்ணீர் கொட்டியது.
லாரிக்கு நான் காசு கொடுத்து வாங்கும் அதே தண்ணீர்.
மெத்தை போச்சு, டிவி போச்சு,
பையனின் லேப்டாப் ஒருமுறை சிணுங்கி அடங்கியது.

சர்வேயர் வந்தார். பெயர் கருணைவேல்.
முழங்கால் மடக்கி உட்கார்ந்து
பிரிட்ஜின் அடியில் விரலை விட்டார்.
செம்பொடியோடு விரல் வெளியே வந்தது.
"இது குழாய்த் தண்ணி பண்ணினது இல்லம்மா."
எந்தத் தண்ணீர் என்று நான் கேட்கவில்லை.
ஜன்னல் திறந்தே இருந்தது.

கை கழுவச் சோப்பு கொடுத்தேன்.
"சார் சொந்த வீடா?"
"வாடகைதான். பாரதி நகர்ல."
"பாலிசி?"
சிரித்தார். டீயை ஊதினார்.
போகும்போது மாடியிலிருந்து பார்த்தேன்:
அவர் ஸ்கூட்டரின் மட்கார்டை
பிளாஸ்டிக் கயிறு போட்டுக் கட்டியிருந்தது.

பதினோராயிரத்து இருநூற்று அறுபது வந்தது,
தேய்மானம் கழித்து.
போன மெத்தைக்குப் பாதி மெத்தை,
போன டிவிக்கு முக்கால் டிவி என்று வையுங்கள்.
வெறும் தரையில் படுத்திருந்த ஒன்பது நாளில்
அது பெரிய பணமாகத்தான் இருந்தது.

அடுத்த வாரம், நனையாமல் தப்பிய கடிகாரம்
தானாக விழுந்து உடைந்தது.
சுவருக்குள் ஆணி
பிஸ்கட் மாதிரி இற்றுப் போயிருந்தது.
டெல்பினுக்கு போன் போட்டேன்.
"விழுந்தது திடீர்தான்கா,
இத்தது திடீர் இல்லையே" என்றவள்
கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.
"கேட்டுச் சொல்றேன்."

அவள் கேட்டுச் சொல்லும்வரை
நானே ஹார்டுவேர் கடைக்குப் போனேன்.
ஸ்டீல் ஆணி ஒன்று, நாலு ரூபாய்.
பில் கொடுங்கள் என்றேன்.
கடைக்காரர் ஆணியைப் பார்த்தார்,
என்னைப் பார்த்தார்,
பேனா தேட ஆரம்பித்தார்.